மாடுகள் அசைபோடாத ஒரு காலை

மதுரையிலிருந்து சங்கரன்கோவில் போகும் பேருந்தில் என் காலடி முழுக்கக் காலிச் சாக்குகள். எலுமிச்சை வாசம் தூக்கியடித்தது. சாக்குகளின் சொந்தக்காரர் புளியங்குடி எலுமிச்சை வியாபாரி. நான் நடத்துநரிடம் பேசியதைக் கேட்டுவிட்டு, "பேச்சு ஒரு மாதிரியா இருக்கே, நாகர்கோவிலா?" என்றார். கிளிநொச்சி என்றேன். "சிலோனா! கோமதியம்மனைக் கும்பிட வந்தீங்களாக்கும்?" இல்லை, மாடு பார்க்க வந்தேன் என்றதும் அவர் முன்சீட்டுக்காரரைத் தட்டி எழுப்பிவிட்டார். "அண்ணாச்சி, கேட்டீரா? கடல் தாண்டி மாடு பாக்க வந்திருக்காங்க. நம்ம ஊர் மாட்டை நம்மளே ஏறெடுத்துப் பாக்க மாட்டுக்கோம்."

சிரித்துவிட்டேன். ஆனால் நான் சொன்னது உண்மை. எங்கள் பால் கூட்டுறவுச் சங்கத்துக்கு ஒரு யோசனை வந்திருந்தது. மாட்டின் கழுத்தில் ஒரு பட்டை, அதில் தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டி. மாடு எவ்வளவு நேரம் தின்கிறது, எவ்வளவு நேரம் அசைபோடுகிறது, எப்போது படுக்கிறது என்பதையெல்லாம் அது கவனிக்கும். நோய் வந்த மாடுகளும் வராத மாடுகளும் எப்படி நடந்துகொண்டன என்று ஏற்கெனவே பார்த்துப் பழகிய ஒரு கணினி, அந்தத் தகவலை வைத்து, இந்த மாட்டுக்கு உடம்பு சரியில்லை, இதற்குத் தீவனத்தைக் கூட்டு என்று தொலைபேசியில் சொல்லும். சங்கரன்கோவில் பக்கத்துக் கிராமங்களில் இதைச் செய்து பார்க்கிறார்கள், போய்ப் பார்த்து வாருங்கள் என்று ஓய்வுபெற்ற மாட்டு வைத்தியரான என்னை அனுப்பினார்கள். நான் தொட்டுப் பார்க்காமல் எதையும் நம்பாதவள் என்பது சங்கத்தில் எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் அனுப்பினார்கள் என்று நினைக்கிறேன்.

ஊருக்குள் நுழையும்போதே தறிச் சத்தம் காதை நிறைத்தது. விடுதியின் கீழே ஒரு மெஸ். மதியம் இலையில் சோற்றைப் போட்டு, "சொதி ஊத்தட்டுமா?" என்று கேட்டபோது எனக்கு ஊர் நினைப்பு வந்துவிட்டது. எங்கள் சொதி மஞ்சளாய், நீர்த்து, இடியப்பத்துக்கு ஊற்றுவது. இவர்கள் சொதியில் பாசிப்பருப்பும் முருங்கைக்காயும் உருளைக்கிழங்கும் மிதக்கின்றன. சோற்றுக்கு ஊற்றி, இஞ்சிப் பச்சடியைத் தொட்டுக்கொள்ள வேண்டுமாம். பெயர் ஒன்று, பிள்ளை வேறு. இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டேன்.

பட்டை மாட்டும் நிறுவனத்தின் அலுவலகம் ஒரு உரக்கடையின் மாடியில் இருந்தது. அங்கே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்பவள் எஸ்தர். பாளையங்கோட்டைக்காரி, பொறியியல் படித்தவள், வயது முப்பதுக்குள். நான் பெயர் சொல்லி முடிப்பதற்குள் தேநீருக்குச் சொல்லிவிட்டு, "டாக்டர், என்ன வேணும்னாலும் கேளுங்க, குறையையும் சேத்துச் சொல்லுதேன்" என்றாள். விற்க வந்தவர்கள் குறையைச் சொல்லி நான் கேட்டதில்லை. அவளை எனக்கு அப்போதே பிடித்துப்போயிற்று.

மறுநாள் திருவேங்கடம் சாலையில் ஒரு கிராமத்துக்குக் கூட்டிப்போனாள். இருபுறமும் கரிசல். மழையை நம்பி விதைத்த சோளமும் உளுந்தும் முழங்கால் உயரத்துக்கு நின்றன. எங்கள் வன்னி மண் சிவப்பு, இந்தக் கறுப்பு எனக்குப் புதிது. ஊரின் நடுவே கிறிஸ்தவக் கோயில். கோபுரத்தின் உச்சியில், சிலுவைக்குச் சற்றுக் கீழே, மாட்டுப் பட்டைகளின் செய்தியை வாங்கி அனுப்பும் பெட்டியைக் கட்டியிருந்தார்கள். உயரமான கட்டடம் வேறு இல்லையாம். "ஆண்டவரும் மாட்டுத் தொழுவத்துலதான பொறந்தாரு, இடம் குடுக்காம இருப்பாரா?" என்று கோயிலைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியார் சிரித்தார். மெலிந்த மனிதர், வெள்ளை வேட்டி, சட்டைப்பையில் மூக்குக்கண்ணாடி.

அங்கேதான் கிரேஸைப் பார்த்தேன். நாற்பத்தைந்து வயதிருக்கும். கணவர் இல்லை. வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகையில் ஒரே ஒரு மாடு, செவலை நிறத்துக் கலப்பின ஜெர்சி. பெயரும் செவலைதான். கன்று போட இன்னும் சில நாட்கள் என்பதை மடியைப் பார்த்ததும் சொல்லிவிடலாம். நான் வயிற்றில் கை வைத்தேன், உள்ளே கன்று நன்றாக உதைத்தது. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த கிரேஸ், "நல்லாருக்கா டாக்டரம்மா?" என்று கேட்டாள். நல்லா இருக்கு என்றேன்.

கிரேஸின் மகள் ஜாஸ்மின் நாகர்கோவிலில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தவள். பழைய மாடு செத்த பிறகு படிப்பைப் பாதியில் விட்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். இப்போது சங்கரன்கோவிலில் ஒரு துணிக்கடையில் நிற்கிறாள். "இது கண்ணு போட்டுப் பால் பீச்ச ஆரம்பிச்சுட்டம்னா பிள்ளையத் திரும்பக் காலேஜ்ல விட்டுருவேன். பிரின்சிபால் சிஸ்டர்ட்ட சொல்லி வச்சிருக்கேன். இடத்தை வச்சிருக்கேன்னு சொல்லியிருக்காவ" என்றாள் கிரேஸ். மாட்டின் கழுத்துப் பட்டையைத் துடைத்துவிட்டுத் தன் தொலைபேசியை எடுத்துக் காட்டினாள். பச்சை நிறத்தில் ஒரு மாட்டுப் படம், பக்கத்தில் 'நலம்' என்று எழுத்து. "போன தடவ மாடு சீக்கா இருக்கது எனக்குத் தெரியாமப் போச்சு. இது இருக்கதால இப்போ நிம்மதியாத் தூங்குதேன்."

அந்த வார்த்தைதான் எனக்குள் தங்கிவிட்டது. போரின்போது மாடுகளை அவிழ்த்துவிட்டு ஓடிய ஊர்க்காரி நான். மாட்டை இழந்தவர்கள் எத்தனை பேர் என் முன்னால் உட்கார்ந்து அழுதிருக்கிறார்கள். ஒரு பெட்டி ஒரு பெண்ணை நிம்மதியாகத் தூங்க வைக்கிறதென்றால் அதை வாங்கலாம் என்று அன்று எனக்குத் தோன்றியது.

அடுத்த நாள் அந்தக் கோயிலில் அசனப் பண்டிகை. அசனம் என்றால் சாப்பாடு. ஊர் கூடிச் சமைத்து, ஜெபித்து, சாதி மதம் பார்க்காமல் வருகிறவர்களுக்கெல்லாம் போடும் விருந்து. நீங்களும் வரணும் என்று உபதேசியார் கட்டாயப்படுத்தினார். கோயிலுக்குப் பின்னால் வரிசையாக அடுப்புகள், ஆள் உட்காரும் அளவுக்கு அண்டாக்கள். வடித்த சோற்றை ஓலைப்பாயில் கொட்டிக் குவித்திருந்தார்கள். அது ஒரு சிறு குன்று. பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் ஆட்கள் வருவார்கள் என்று கணக்குப் பண்ணி வடித்தது. ஆட்டுக்கறிக் குழம்பின் வாசத்தில் நான் மாட்டையும் மறந்தேன், மருந்தையும் மறந்தேன்.

முதல் பந்தி முடிவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. சாதாரண மழை இல்லை, பந்தலைப் பிய்த்துக்கொண்டு ஊற்றியது. வெளியூர் ஆட்கள் யாரும் வரவில்லை. கோயிலுக்குள் ஒண்டிக்கொண்டு நாங்கள் சாப்பிட்டு முடித்தபோதும் சோற்றுக் குன்று பாதிக்குமேல் அப்படியே இருந்தது. ஜெபித்த சோறு. அதைக் குழியில் கொட்ட யாருக்கு மனம் வரும்? பெண்கள் பனையோலைக் கடகப்பெட்டிகளில் அள்ளி வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். "ஒரு பருக்கை கீழ விழக்கூடாது, பாத்து அள்ளுங்க" என்று உபதேசியார் குடையோடு நின்று சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அது அழகாக இருந்தது. அவ்வளவு சோற்றை வீடுகளில் யார் சாப்பிடுவார்கள் என்று நான் யோசிக்கவில்லை. யோசித்திருக்க வேண்டியவள் நான்தான்.

அடுத்த நாள் காலை எஸ்தரின் அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தேன். புறப்படுவதற்கு முன் கணினித் திரையை ஒருமுறை ஒழுங்காகப் பார்த்துவிடுவோம் என்று போனது. ஒரு மாட்டுக்கு ஒரு புள்ளி. நலமாக இருந்தால் பச்சை, நோய் என்றால் சிவப்பு. அந்தக் கிராமத்தில் மட்டும் ஏறக்குறைய எல்லாப் புள்ளிகளும் சாம்பல் நிறத்தில் இருந்தன.

"இது என்ன பிள்ளை, இந்த நிறம்?"

"அது ஒண்ணும் இல்ல டாக்டர். மழை பெஞ்சா கோபுரத்துப் பெட்டி மக்கர் பண்ணும். எல்லா மாடும் ஒரே நேரத்துல அசைபோடலன்னு காட்டும். ஆரம்பத்துல எல்லாத்துக்கும் எச்சரிக்கை போகும். இவங்க தொழுவத்துல போய்ப் பாத்தா மாடு நல்லாருக்கும். உடனே போன்ல, மாடு நலம்னு அமுக்கிருவாங்க. பல தடவ அப்படி அமுக்குனதப் பாத்து மெஷினே கத்துக்கிட்டு. இப்போ மழைக்கப்புறம் ஊரு முழுக்க ஒண்ணாக் காட்டினா, அது பெட்டிக் கோளாறுன்னு நெனச்சு எச்சரிக்கைய நிறுத்தி வச்சிரும்."

கேட்கக் கெட்டிக்காரத்தனமாக இருந்தது. எங்கள் ஊரிலும் ஓலமிடும் நாயை ஒரு கட்டத்துக்கு மேல் யாரும் எழுந்து போய்ப் பார்ப்பதில்லை. ஆனால் சாம்பலுக்கு நடுவே மூன்று நான்கு பச்சைப் புள்ளிகளும் இருந்தன.

"பெட்டி பழுதெண்டால் இந்த மாடுகள் அசைபோடுறது மட்டும் எப்பிடி வந்து சேருது?"

எஸ்தர் நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு திரைக்கு முன்னால் உட்கார்ந்தாள். பிறகு பச்சைப் புள்ளிகளில் ஒன்றின் சொந்தக்காரரான மாடசாமி என்பவருக்குத் தொலைபேசியில் பேசினாள். ஒலிபெருக்கியைப் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது.

"அண்ணாச்சி, நேத்து உங்க மாட்டுக்கு என்ன போட்டீங்க?"

"நாங்க எங்கம்மா ஊர்ல இருந்தோம்? புளியங்குடில கல்யாணம். காலைலதான் வந்தோம். தம்பிக்காரன் சோளத்தட்டை போட்டிருக்கான். அசனத்துக்குக்கூட வரக் குடுத்து வைக்கல."

அசனச் சோறு. பழக்கமில்லாத மாட்டுக்கு ஒரேயடியாகச் சோற்றைக் கொட்டினால் அது வயிற்றுக்குள் புளித்து அமிலமாகிவிடும். அசைபோடுவது நிற்கும், அமிலம் இரத்தத்தில் ஏறும், மாடு படுத்துவிடும். கல்யாண வீட்டு மிச்சத்தைத் தின்று செத்த மாடுகளை நான் அறுத்துப் பார்த்திருக்கிறேன். சாம்பல் புள்ளிகள் பெட்டிக் கோளாறு அல்ல. ஊர் மாடுகள் உண்மையாகவே அசைபோடவில்லை. இயந்திரம் அதைச் சரியாகப் பார்த்துவிட்டு, நாம் கற்றுக்கொடுத்தபடியே வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறது.

"கிரேஸைக் கூப்பிடு" என்றேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை.

எஸ்தர் அரசு கால்நடை மருத்துவருக்குச் சொன்னாள். அவர் வேறொரு ஊரில் முகாமில் இருந்தார், முடித்ததும் நேரே வருவதாகச் சொன்னார். வயிற்று அமிலத்தை முறிக்க, வழியில் கிடைத்த கடைகளிலெல்லாம் ஆப்பசோடாவை அள்ளிக்கொண்டு ஆட்டோவில் கிளம்பினோம். சாலையை விட்டு ஊருக்குள் திரும்பும் மண்பாதையில் ஆட்டோ புதைந்துபோயிற்று. மழை குடித்த கரிசல் சக்கரத்தைப் பிடித்தால் விடாது. ஓட்டுநர் முடுக்க முடுக்க வண்டி இன்னும் இறங்கியது. இறங்கி நடந்தோம். செருப்பில் மண் அப்பி, ஒவ்வொரு காலும் அம்மிக்கல்லாய்க் கனத்தது. கழற்றி எறிந்துவிட்டு நடந்தேன். எஸ்தர் நடந்தபடியே ஒவ்வொரு வீடாகப் பேசிக்கொண்டு வந்தாள். பாதிப் பேர் எடுக்கவில்லை, வயலுக்குப் போய்விட்டார்கள்.

"கோயில் மைக்கில சொல்லச் சொல்லு" என்றேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது உபதேசியார் கோயில் வாசலில் பந்தல் கழிகளை அவிழ்த்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் கையிலிருந்த கழியைக் கீழே போட்டார். "அசனச் சோறு மாட்டுக்கு விஷம்னு இந்த மைக்கில நான் எப்படிம்மா சொல்லுவேன்? ஜெபம் பண்ணிக் குடுத்த சோறுல்லா? பாத்து அள்ளுங்கன்னு சொன்னவனே நான்தான."

"ஐயா, சோத்தில பிழையில்லை. மாட்டின்ர வயித்துக்கு அது ஆகாது, அவ்வளவுதான். மிச்சச் சோறு இன்னும் வீடுகளில கிடக்கு. இப்பவும் போட்டுக்கொண்டு இருப்பினம்."

அவர் பீடத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு போய்க் கோயில் மணியை அடித்தார். நேரம் கெட்ட நேரத்தில் மணி கேட்டு வயலில் இருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அவர் மைக்கைப் பிடித்தார். "எல்லாரும் வீட்டுக்கு வாங்க. மாட்டுக்கு அசனச் சோறு போட்டிருந்தா இனிமே போடாதீங்க. தண்ணி காட்டாதீங்க. காஞ்ச வைக்கோல் மட்டும் போடுங்க. கோயிலுக்கு வந்து ஆப்பசோடா வாங்கிட்டுப் போங்க. சோத்தை மண்ணுல புதைச்சிருங்க. அந்தப் பாவம் என்னைச் சேரட்டும்."

நான் கிரேஸ் வீட்டுக்கு ஓடினேன்.

கொட்டகை சுத்தமாகக் கூட்டியிருந்தது. தரையில் புது வைக்கோல் பரப்பியிருந்தாள். ஓரத்தில் வெந்நீர், வேப்பெண்ணெய், பழைய துணி எல்லாம் எடுத்து வைத்திருந்தாள். செவலை தலையை விலாப்பக்கம் மடித்துப் படுத்திருந்தது. என்னைப் பார்த்ததும் கிரேஸ் சிரித்தாள். "வாங்க டாக்டரம்மா, நல்ல நேரத்துல வந்தீங்க. விடிஞ்சதுக்கப்புறம் ஒண்ணும் திங்கல, நிலைகொள்ளாம இருந்துச்சு. கண்ணு போடப் போகுது."

கன்று போடும் முன் மாடு தீனியை விடும் என்பது உண்மைதான். அதைத்தான் அவள் நினைத்திருக்கிறாள். நான் செவலையின் கண்ணிமையை விலக்கிப் பார்த்தேன், கண் குழி விழுந்திருந்தது. வயிற்றை அழுத்தினால் உள்ளே தண்ணீர்ப் பானையாய்த் தளும்பியது. சாணி நீராய்ப் புளித்து நாறியது. மாடு பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது.

"எவ்வளவு சோறு குடுத்தனீங்கள்?"

"ரெண்டு கடகப்பெட்டி. ராத்திரி ஒண்ணு, வெள்ளன இருட்டோட ஒண்ணு. வயித்துப் பிள்ளைக்காரியில்லா, ஆசீர்வாதச் சோறாச்சேன்னு என் பங்கையும் அதுக்கே போட்டேன்." சொல்லிக்கொண்டே வந்தவள் என் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். "ஏன்? போன்ல ஒண்ணும் வரலியே. இந்தா பாருங்க, ஒண்ணும் வரல. சீக்குன்னா அது சொல்லியிருக்குமே."

பின்னால் வந்து நின்ற எஸ்தர் ஆப்பசோடாப் பொட்டலங்களைப் பிரிக்க ஆரம்பித்தாள்.

ஆப்பசோடாவைக் கரைத்து, கிடைத்த குழாயை வாய்வழி இறக்கி ஊற்றினோம். மருத்துவர் ஒரு மோட்டார் சைக்கிளைப் பிடித்துச் சேறு தெறிக்க வந்து சேர்ந்தார். கழுத்து நரம்பில் மருந்து ஏற்றினார். வயிற்றைக் கிழித்துச் சோற்றை எடுத்துவிடலாமா என்று இருவரும் பேசினோம். நாடி ஓடிய ஓட்டத்தில் கத்தி வைத்தால் அப்போதே போய்விடும். கன்றையாவது எடுக்கலாமா என்று நான் வயிற்றில் கை வைத்துப் பார்த்தேன். முந்தாநாள் உதைத்த கன்றுக்கு அசைவே இல்லை. அதைக் கிரேஸிடம் மருத்துவர்தான் சொன்னார்.

செய்தி கேட்டு ஜாஸ்மின் துணிக்கடைச் சேலையோடு வந்து சேர்ந்தாள். மாட்டின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, நர்சிங் படித்தவள் அல்லவா, மருந்து பாட்டிலை உயர்த்திப் பிடித்துக்கொண்டாள். செவலை பொழுது சாய்வதற்குள் செத்துப்போனது. அதன் பிறகும் அவள் பாட்டிலை இறக்கவில்லை. மருத்துவர்தான் கையிலிருந்து வாங்கினார். கிரேஸ் அலறவில்லை. "அவளைப் படிக்க வைக்கணும்னு இருந்தேனே" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

மற்ற மாடுகள் குறைவாகத் தின்றிருந்தன. மணிச் சத்தம் கேட்டு ஓடிவந்தவர்கள் சோடா கரைத்து ஊற்றி, இரவெல்லாம் நடத்திக் காப்பாற்றிவிட்டார்கள். விடிந்ததும் உபதேசியார் வீடு வீடாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். கிரேஸ் வீட்டு வாசலில் மட்டும் வெகுநேரம் நின்றார், உள்ளே போகவில்லை. அவர் மீது எனக்குக் கோபம் வரவில்லை. எஸ்தர் மீதும் வரவில்லை. எவர் மீதாவது கோபப்பட முடிந்திருந்தால் எனக்கு அன்று கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

ஊருக்குத் திரும்பும் நாள் காலையில் எஸ்தர் என்னைத் துணைக்கு அழைத்தாள். எச்சரிக்கையை நிறுத்திவைக்கும் பழக்கத்தைத் தலைமை அலுவலகம் அந்த ஊரில் எடுத்துவிட்டது. ஆனால் சோறு தின்ற மாடு எப்படியெல்லாம் நடந்துகொள்ளும் என்று இயந்திரத்துக்குத் தெரியாது, அதைச் சொல்லிக்கொடுக்கச் செவலையின் கதை முழுதும் வேண்டும் என்றார்களாம். "எந்த முகத்தோட போய்க் கேப்பேன் டாக்டர்?" என்றாள். நானும் போனேன்.

கிரேஸ் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். எஸ்தர் தரையிலேயே உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தாள். விஷயத்தைச் சொன்னாள். கிரேஸ் சத்தம் போட்டு விரட்டுவாள் என்றுதான் நான் எதிர்பார்த்தேன்.

"ஏட்டி எஸ்தரு, நான் சொன்னா அடுத்த வீட்டு மாடு பிழைக்குமா?"

"பிழைக்கும்க்கா. சத்தியமா."

"சிலோன்லயும் பட்டை மாட்டப் போறீங்களாமே டாக்டரம்மா. அங்க உள்ளதும் பிழைக்குமா?"

"பிழைக்கும்" என்றேன்.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தாள். எப்போது முதல் பெட்டிச் சோற்றைப் போட்டாள், எவ்வளவு ஆசையாகத் தின்றது, எப்போது அசைபோடுவதை நிறுத்தியது, எந்தப் பக்கம் சாய்ந்து படுத்தது, எத்தனை முறை எழுந்திருக்கப் பார்த்து முடியாமல் விழுந்தது. எஸ்தர் கேட்காததையும் சொன்னாள். எஸ்தரின் விரல்கள் ஓடிக்கொண்டே இருந்தன. எல்லாம் முடிந்து அவள் மடிக்கணினியை மூடப் போனபோது கிரேஸ் கையை நீட்டித் தடுத்தாள்.

"இரு மக்கா. கடைசில கண்ண மூடுததுக்கு முன்னால, தலையத் தூக்கி என்னையத் தேடுச்சு. நான் அது பாக்காத பக்கம் நின்னுக்கிட்டு இருந்தேன். அதையும் எழுதிக்கோ."